பெட்ரோலில் எத்தனால்: உங்க வண்டிக்கு ஒத்துவருமா?

இன்னைக்கு பங்க்கில் நீங்க போடுற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கு. எத்தனால் என்றால் ஆல்கஹால்தான். கரும்பு, மக்காச்சோளம், அரிசிக் குருணையிலிருந்து தயாராகிறது.

முதலில் நன்மை. நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் பெரும்பகுதி இறக்குமதிதான். அந்தச் செலவு குறையும். விவசாயிக்கும் வருமானம். ஆக்டேன் அதிகம் என்பதால் இன்ஜினில் 'நாக்கிங்' குறையும். புகையில் கார்பன் மோனாக்சைடும் குறையும்.

இனி சிரமம். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால மைலேஜ் இறங்கும். இ20-க்காக வடிவமைக்காத இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம், கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்றது நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை. 50 கிலோமீட்டர் கொடுத்த பைக் 48 கொடுக்கும். பழைய ரப்பர் குழாய்களும் சீல்களும் சீக்கிரம் தேயலாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமானால் பிரிந்து டேங்க் அடியில் தங்கிடும். வண்டி ஸ்டார்ட் ஆகாது. கரும்பு நிறைய தண்ணீர் கேட்கும் பயிர் என்பதும் கணக்கில் சேரணும்.

நீங்க செய்ய வேண்டியது: உங்க வண்டி கையேட்டில் 'இ20' என்று இருக்கிறதா பாருங்க. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால், அடுத்த சர்வீஸில் பெட்ரோல் குழாய்களையும் சீல்களையும் சோதிக்கச் சொல்லுங்க. மழைக்காலத்தில் டேங்க் மூடியை இறுக மூடுங்க. பெட்ரோலோடு மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைக்காதீங்க. குழாய் மாற்றுவது சின்ன செலவு. இன்ஜின் வேலை பெரிய செலவு.