டெண்டர் ரகசியமல்ல!

 

தெருவில் சாலை போடுகிறார்கள். ஆறே மாதத்தில் ஜல்லி பெயர்ந்து விடுகிறது. காண்ட்ராக்டரைத் திட்டுகிறோம். ஆனால் அந்த வேலை அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரி கட்டுகிறான். அந்தப் பணத்தில் நடக்கும் வேலையை வேண்டியவருக்குத் தூக்கிக் கொடுக்க எந்த அமைச்சருக்கும் அதிகாரிக்கும் உரிமையில்லை. உச்சநீதிமன்றம் இதை 1979-லேயே சொல்லிவிட்டது. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்த டெண்டர் கேட்டார்கள். ஐந்தாண்டு அனுபவமுள்ள, பதிவு பெற்ற ஓட்டல்காரர்தான் வரலாம் என்று நிபந்தனை! கடைசியில் அந்தத் தகுதி இல்லாதவருக்கே கொடுத்தார்கள். தான் போட்ட நிபந்தனையை அரசே மீறக் கூடாது என்றது நீதிமன்றம். ஆனாலும் ஒப்பந்தம் ரத்தாகவில்லை. வழக்குப் போட்டவர் காலம் தாழ்த்தி வந்தார் என்பதும் அதற்கொரு காரணம். உரிமை இருந்தால் மட்டும் போதாது, உரிய நேரத்தில் கேட்க வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம்.

தமிழகத்தில் டெண்டர் வெளிப்படைச் சட்டம் 1998-ல் இயற்றப்பட்டது. விதிகள் 2000-ல் வந்தன. இரண்டு கோடி ரூபாய் வரையிலான வேலைக்குப் பொதுவாக 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை. மற்றவர்களை நிராகரித்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர் பத்து நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இத்தனை இருந்தும் குறுக்கு வழி எப்படி வருகிறது? ஒருவருக்கு மட்டுமே பொருந்தும்படி நிபந்தனை எழுதுவது ஒரு வழி. சிறு வேலைகளை ஒன்றாகக் கட்டிப் பெரிய டெண்டராக்கி, உள்ளூர்ச் சிறு காண்ட்ராக்டரை வாசலிலேயே நிறுத்துவது இன்னொரு வழி. மூன்றாவது சிண்டிகேட்! இன்று கம்ப்யூட்டர் வழியாக டெண்டர் நடக்கிறது. ஆனால் வெளியே பேசி முடித்துவிட்டு வருபவர்களைக் கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

சகோதரர்களே! 2005-ல் தகவல் உரிமைச் சட்டம் வந்திருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். டெண்டரில் போட்டியிட்டவர்கள் எத்தனை பேர், மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்தத் தொகை எவ்வளவு என்று கேளுங்கள். வேலையின் அளவுப் புத்தக நகலையும் கேளுங்கள். அதில் எழுதிய கனம் சாலையில் இருக்கிறதா என்று பாருங்கள். வார்டுக்கு இரண்டு படித்த இளைஞர்கள் முன்வந்தால் போதும். நம் தெருவுக்கு மட்டுமல்ல, எல்லோருடைய தெருவுக்கும் சேர்த்தே கேளுங்கள். கணக்குக் கேட்பவன் இருக்கும் ஊரில் கை நீட்டுபவன் யோசிப்பான்!