கொதிகலனுக்கும் ஏழரைச் சனியா?

(கம்மாபுரம் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



பக்கத்து நெய்வேலியில், இரண்டாவது அனல்மின் நிலையத்தில் 2020 ஜூலை 1-ந் தேதி கொதிகலன் வெடித்து 6 பேர் அன்றே மாண்டார்கள். 17 பேர் காயப்பட்டார்கள். அதே நிலையத்தில் மே 7-ந் தேதியும் ஒன்று வெடித்தது.

இப்படிப்பட்ட விபத்தில் பிழைத்தவன் புண் ஆறிய பின்னும் தூக்கத்தில் அலறுகிறான். குக்கர் சத்தத்துக்கு நடுங்குகிறான். வேலைக்குப் புறப்பட்டால் கால் எழுவதில்லை. செத்தவன் ஆவி பிடித்ததென்று வேப்பிலை அடிக்கிறார்கள். ஏழரைச் சனி என்று ஜோசியன் பணம் பறிக்கிறான். இரண்டு மாதத்துக்குள் இரண்டு கொதிகலன் வெடித்ததே, அவைகளுக்கும் ஏழரைச் சனியா என்று கேட்கிறோம்.

1914-18 யுத்தத்தில் குண்டுச் சத்தத்தால் நிலைகுலைந்து நடுங்கிய சிப்பாய்கள் சிலரைக் கோழைகள் என்று சுட்டே கொன்றார்கள். சீமை சர்க்கார் அவர்களுக்கு மன்னிப்புக் கொடுத்தது 2006-ல்! "ஆண்பிள்ளை அழலாமா?" என்று கேட்கும் நம் வீட்டுப் பெரியவர்களும் அந்தப் பட்டாளத்து அதிகாரிகளின் ஜாதிதான்.

சட்டமாவது யோசித்ததா? 1923-ல் செய்து, பிறகு திருத்திய நஷ்டஈட்டுச் சட்டம், கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 100-க்கு 30 நஷ்டம், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 என்று பட்டியல் போட்டது. தூக்கம் போனவனுக்கு அதில் ஒரு வரி இல்லை.

ஆகையால் காயத்தைக் காட்டும்போதே பயத்தையும் டாக்டரிடம் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குங்கள். 14416-க்குக் காசில்லாமல் பேசலாம். வீட்டுப் பெண்களும் பேசலாம். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு சங்கத்தார் வேறு வேலையும் சம்பளத்தோடு லீவும் கேட்கட்டும்.