புத்தகப் பையில் வரும் கடிதம்

 

விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோம். பிறகு பள்ளியில் வெண்பலகையில் இருக்கும் எழுத்து அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டுமல்லவா? சிங்கப்பூரில் கிட்டப்பார்வையுள்ள பிள்ளைகள் ஏராளம். மங்கலாகத் தெரிந்தாலும் சிறு பிள்ளை சொல்லாது. எல்லோருக்கும் அப்படித்தான் என்று எண்ணிக்கொள்ளும். நாமோ, படிப்பில் கவனமில்லை என்று கண்டிக்கிறோம்.

தாதியர் பள்ளிக்கே வந்து பார்வையையும் உயரம், எடையையும் சோதிக்கின்றனர். தொடக்கநிலை ஐந்தில் தடுப்பூசி உண்டு. 2019 முதல் உயர்நிலை ஒன்று மாணவியர்க்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியும் உண்டு. ஆனால், பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். மேல்பரிசோதனைக்குத் தாதி எழுதிய கடிதம் பையிலேயே கசங்கிக் கிடந்தால் என்ன பயன்? தாதி குறையைக் கண்டறியலாம். பிள்ளையை அழைத்துச் செல்ல வேண்டியவர்கள் நாம்தாம். தாத்தா பாட்டியரும் தினமும் பையைத் திறந்து பாருங்கள்.

நாள்தோறும் 2 மணி நேரம் வெளியே விளையாட விடுங்கள். கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போட அது உதவும்.

நன்கொடையாளப் பெருமக்களே! மூக்குக்கண்ணாடிக்குப் பணமில்லை என்று சொல்லக் கூசும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். கல்வி நிதிக்கு வாரி வழங்கும் உங்கள் கரம் அவர்களுக்கும் நீளட்டும். அதுவும் வித்யாதானமே.

எல்லாம் வல்ல இறைவன் நம் பிள்ளைகளைக் காப்பானாக.