பத்து நாள் மௌனம்: அதுக்கு முன்னாடி ஒரு வாரம் வேணும்

அல்லிநகரத்துல எங்க வீட்டு மொட்டை மாடியில இருந்து பேசுறேன். பின்னாடி கோயில் மைக் செட் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கங்க.

இன்னைக்கு விஷயம் குடி. பத்து நாள் மௌனமா உட்கார்ந்து தியானம் பண்ணினா குடியை விட முடியுமான்னு பார்க்கப் போறோம். இதைப் பத்தி பேசச் சொல்லி ரொம்ப பேர் கேட்டிருந்தீங்க. ஆனா கம்பம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா அனுப்பின வாய்ஸ் நோட்டுதான் என்னை உட்கார வச்சிருச்சு. அவங்க வீட்டுக்காரருக்குக் காலையில எந்திரிச்சதும் கை நடுங்குதாம், ஒரு கட்டிங் போட்டாத்தான் நிக்குதாம். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா, "ஊரு சிரிக்கும், வேணாம்"ங்கிறார். தியானத்துக்குன்னா வரேங்கிறார். "தம்பி, அடுத்த மாசமே அனுப்பிரவா?" இதுதான் கேள்வி.

அக்கா, பதிலை முதல்லயே சொல்லிர்றேன். நேரா அனுப்பாதீங்க. முதல்ல டாக்டர், அப்புறம் தியானம். ஏன்னு இப்பச் சொல்றேன்.

நாம பேசுறது விபஸ்ஸனா. எஸ்.என். கோயங்கா 1969-ல பர்மாவுல இருந்து இந்தியா வந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சது. மகாராஷ்டிராவுல இகத்புரிதான் பெரிய மையம். நமக்குப் பக்கத்துலன்னா திண்டுக்கல் மாவட்டம் காந்திகிராமம் பக்கம் ஒண்ணு இருக்கு, சென்னையில ஒண்ணு இருக்கு. ஃபீஸ் கிடையாது. முன்னாடி கோர்ஸ் முடிச்சவங்க கொடுக்கிற காசுலதான் நடக்குது.

கோயங்கா கதையிலயே ஒரு போதை இருக்கு, பலருக்குத் தெரியாது. அவர் பெரிய வியாபாரி. கடுமையான ஒற்றைத் தலைவலி. அதுக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கிட்டு இருந்தார். இப்படியே போனா மார்ஃபினுக்கு அடிமையாகிருவீங்கன்னு டாக்டர்கள் எச்சரிச்சாங்க. வெளிநாடெல்லாம் போய் வைத்தியம் பார்த்தார், சரியாகல. கடைசியா 1955-ல ரங்கூன்ல ஊ பா கின் கிட்ட போனார். அவரு பர்மா அரசாங்கத்துல அதிகாரி, கூடவே தியான ஆசிரியர். அவர் என்ன பண்ணினார் தெரியுமா? தலைவலி தீரத்தான் வர்றேன்னா வராதீங்க, இது அதுக்கு இல்லன்னுட்டார். இன்னைக்கும் இந்த மையங்கள் இதை ஒரு சிகிச்சைன்னு சொல்லிக்கிறது இல்ல. இதை ஞாபகம் வச்சுக்கங்க.

நான் ஒரு தடவை உட்கார்ந்திருக்கேன். காலையில நாலு மணிக்கு மணி அடிப்பாங்க, ராத்திரி ஒன்பதரைக்கு விளக்கு அணைச்சிரும். போனை வாங்கி வச்சுக்குவாங்க. பேச்சு, சைகை, கண் ஜாடை எதுவும் கூடாது. ஆசிரியர்கிட்ட சந்தேகம் கேட்கலாம், சாப்பாடு தங்குற இடம் பத்தி நிர்வாகிகிட்ட பேசலாம், அவ்வளவுதான். முதல் மூணு நாள் மூச்சு மட்டும். நாலாம் நாள்ல இருந்து தலை முதல் கால் வரை உடம்புல என்ன உணர்ச்சி ஓடுதுன்னு பார்க்கணும். ஒரு நாளைக்கு மூணு தடவை, ஒரு மணி நேரம் அசையாம இருக்கப் பார்க்கணும். முட்டி கழண்டு விழுற மாதிரி வலிக்கும். ஆனா நாப்பதாவது நிமிஷம் ஒரு விஷயம் புரியும்: வலி ஒரே மாதிரி இல்ல. ஏறுது, எரியுது, தானா இறங்குது. நான் ஒண்ணும் பண்ணல.

குடிக்கு இது எங்க உதவுதுன்னா, இங்கதான். சாயங்காலம் ஏழு மணி. தொண்டை வறளும், நெஞ்சுல ஒரு படபடப்பு, கை பரபரங்கும். குடிக்கிறவர் சரக்கைத் தேடுறதா நினைக்கிறார். கோயங்கா சொல்றதோட சாரம் என்னன்னா, நாம அடிமையா இருக்கிறது அந்த பாட்டிலுக்கு இல்ல, உடம்புல எழும்புற உணர்ச்சிக்கு. அதைத் தாங்க முடியாமத்தான் கை பாட்டிலுக்குப் போகுது. நம்ம பாஷையில சொன்னா, அலர்ட் அடிச்ச உடனே சர்வரை ரீஸ்டார்ட் பண்றவன் ஒருத்தன், லாக் திறந்து என்ன ஓடுதுன்னு பார்க்கிறவன் ஒருத்தன். ரெண்டாவது ஆளாகிறதுக்கான பயிற்சி இது. குடிக்கணுங்கிற அந்த வேகம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ள தணிஞ்சிரும். அலை மேல சறுக்கிற மாதிரி அதைக் கடக்கலாம்னு அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் சொல்லிக்கொடுத்தார்.

சரி, அப்புறம் ஏன் நேரா அனுப்ப வேணாங்கிறேன்?

கை நடுங்குதுன்னா மனசு மட்டும் இல்ல, நரம்பும் சாராயத்துக்குப் பழகிருச்சுன்னு அர்த்தம். திடீர்னு நிறுத்தினா முதல் நாளே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். சில பேருக்கு ரெண்டாம் நாள்ல இருந்து நாலாம் நாளுக்குள்ள புத்தி தடுமாறும், இல்லாத ஆளு தெரியும், காய்ச்சல் அடிக்கும், நாடி எகிறும். டெலிரியம்னு சொல்வாங்க. கவனிக்கலைன்னா உயிரே போகலாம். இப்ப கோர்ஸ் காலண்டரைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டாம் நாள், மூணாம் நாள்: யாரும் யார்கிட்டயும் பேசக்கூடாத நாள். பக்கத்துக் கட்டில்ல இருக்கிறவருக்கு உடம்பு ஆடுனா, தியானத்துல இப்படித்தான் வரும்போலன்னு நினைச்சுக்குவாங்க. அந்தாளும் வாயைத் திறக்க மாட்டார்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புதுசு இல்ல. கார்த்திகை பிறந்தா கம்பம், குமுளி ரோடு பூரா ஐயப்ப சாமிங்கதான். வருஷம் பூரா குடிக்கிற அண்ணன்மாரு மாலை போட்டதும் தொட மாட்டாங்க. அந்தக் கட்டுப்பாட்டை நான் ரொம்பவே மதிக்கிறேன். ஆனா மாலை போட்ட மூணாம் நாள் வெட்டு வந்து விழுந்தா, "விரதத்துல ஏதோ குத்தம்"னு பேசுவாங்க. அது சாமி குத்தம் இல்ல, அது வித்ட்ராயல். மலையில இருந்து இறங்கி மாலையைக் கழட்டுன அன்னைக்கே கடைக்குப் போறதும் நடக்குது. நாப்பது நாள் குடிக்காம இருந்தாங்க, ஆனா அந்த ஏழு மணி படபடப்பை என்ன பண்றதுன்னு யாரும் சொல்லிக்கொடுக்கல.

ஆராய்ச்சி இருக்கான்னு கேட்பீங்க. இருக்கு. அமெரிக்காவுல சியாட்டில்ல ஒரு சிறையில கைதிகளுக்கு இதே பத்து நாள் கோர்ஸ் நடத்தினாங்க. மார்லட்டும் சாரா போவனும் இருந்த குழு 2006-ல முடிவை வெளியிட்டாங்க. விடுதலையாகி மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா, கோர்ஸ்ல உட்கார்ந்தவங்க மத்தவங்களை விடக் குறைவா குடிச்சாங்க. நல்ல சேதி. ஆனா குலுக்கல் முறையில பிரிச்ச ஆய்வு இல்ல, விருப்பப்பட்டவங்கதான் உட்கார்ந்தாங்க. மாறணும்னு ஏற்கெனவே நினைச்சவங்களா இருக்கலாம். இன்னொண்ணு, அவங்க சிறைக்குள்ள இருந்தவங்க. சரக்கு உடம்பை விட்டுப் போனதுக்கு அப்புறம்தான் கண்ணை மூடுறாங்க.

அதுக்கப்புறம் இந்தக் குழு, எட்டு வாரம் வாரத்துக்கு ஒரு தடவை கூடுற மாதிரி ஒரு பயிற்சியை உருவாக்கி, 286 பேர்கிட்ட குலுக்கல் முறையில சோதிச்சு 2014-ல வெளியிட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு தியானப் பயிற்சி எடுத்தவங்க நிலைமை மத்தவங்களை விட நல்லா இருந்துச்சு. அதுல சேர்ந்த எல்லாருமே முதல்கட்ட சிகிச்சையை முடிச்சவங்க. வரிசையைப் பார்த்தீங்களா?

அக்கா, அந்த முதல் கட்டம் அவ்வளவு பெரிய விஷயம் இல்ல. பெரும்பாலும் ஒரு வாரம். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க மாத்திரை, தயமின்ங்கிற பி1 வைட்டமின், கூட ஆள். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவுல கேளுங்க. ஊருக்குத் தெரியுமேன்னு பயந்தா, மஞ்சள்காமாலை, கல்லீரல்னு சொல்லிக்கங்க, யாரு கேட்கப்போறா. ஆனா குடிச்சா வாந்தி வர்ற மாத்திரையை அவருக்குத் தெரியாம குழம்புல கலக்குற வேலை மட்டும் வேணாம். ஆபத்து. தெரிஞ்சா அவர் உங்களை நம்பவும் மாட்டார்.

அப்புறம் தியானம். விண்ணப்பத்துல குடிப்பழக்கம் உண்டான்னு கேட்பாங்க, சாப்பிடுற மாத்திரை என்னன்னு கேட்பாங்க. ஒளிக்காம எழுதணும். கொஞ்ச நாள் கழிச்சு வாங்கன்னு சொன்னாங்கன்னா, அது நிராகரிப்பு இல்ல. மாத்திரையைத் தானா நிறுத்திட்டுப் போகக்கூடாது.

பத்து நாள் முடிஞ்சு பஸ் ஏறி வந்தா, அதே ஸ்டாண்டு, அதே டாஸ்மாக், அதே மாப்பிள்ளைங்க. காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லி அனுப்புவாங்க. அந்த சாயங்கால நேரத்தை ஏழு மணிக்கு வச்சுக்கிட்டா நல்லதுன்னு எனக்குத் தோணுது. தனியா முடியலைன்னா ஏஏ கூட்டம் இருக்கு. அங்க மௌனம் இல்ல, பேச்சுதான். சில பேருக்கு அதுதான் ஒத்து வரும்.

ராத்திரி யார்கிட்ட பேசுறதுன்னு தெரியலைன்னா, 14416, டெலி மானஸ். காசு இல்ல, தமிழ்ல பேசலாம், எந்நேரமும் எடுப்பாங்க. குடிக்கிறவர்தான் கூப்பிடணும்னு இல்ல, வீட்டுக்காரங்களும் கூப்பிடலாம்.