சூடாறாப் பெட்டி



இடுக்கியில் பெரியாற்றின் குறுக்கே எழுந்த வளைவணை 1976-ஆம் ஆண்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்றது. அதன் நீரால் இயங்கும் மூலமட்டம் மின்நிலையத்தின் திறன் 780 மெகாவாட். பாலக்காட்டிலோ, குந்திப்புழையின் குறுக்கே எழவிருந்த அணை எழவில்லை. அமைதிப் பள்ளத்தாக்கின் காட்டைக் காக்க எழுந்த இயக்கத்தின் பயனாக அத்திட்டம் கைவிடப்பட்டு, 1984-ஆம் ஆண்டில் அவ்விடம் தேசியப் பூங்கா என அறிவிக்கப்பெற்றது.

அவ்வியக்கத்தில் முன்னின்றது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்து. 'அணை வேண்டாமெனில் மின்சாரத்துக்கு வழி யாது?' என்று அதனை நோக்கி வினவியோர் பலர். வினவியதில் தவறில்லை. அதே பரிஷத்து வீட்டு அடுப்படிக்கும் வந்து சேர்ந்ததுதான் நம் கருத்தைக் கவர்கிறது. விறகைக் குறைத்துப் புகையைக் குழாய் வழியே வெளியேற்றும் அடுப்பை அது பரப்பியது. பாலக்காட்டை அடுத்த முண்டூரில் அதன் ஊரகத் தொழில்நுட்ப மையம் அமைந்தது. அங்கிருந்து இல்லங்களுக்குச் சென்ற பொருள்களுள் ஒன்று சூடாறாப் பெட்டி. மொழிபெயர்ப்பே நமது தொழில். ஆயினும் இம்மலையாளச் சொல் நமக்கு வேலையே வைக்கவில்லை!

இதன் தத்துவம் எளிது. நீர் கொதித்தபின் தீயை எத்துணை மிகுத்தாலும் திறந்த பானையில் அதன் வெப்பநிலை உயர்வதில்லை. மிகுந்த சூடெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகிறது. ஒரு கிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொணர 100 கலோரிக்கும் குறைவாகவே போதும். அதனை ஆவியாக்கவோ சுமார் 540 கலோரி வேண்டும். அரிசி வேகத் தேவைப்படுவது ஆவியன்று, ஆறாத சூடே.

கடையிற் கிடைப்பது தெர்மோகோல் பதித்த பெட்டி. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லையாதலால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். மரப்பெட்டியிலோ கூடையிலோ உலர்ந்த வைக்கோலை நாற்புறமும் அடியிலும் நான்கு விரற்கடை கனத்துக்கு அழுத்தி, நடுவே பானைக்குக் குழி விடுக. மேலே மூட வைக்கோல் அடைத்த பழந்துணித் தலையணை போதும். அரிசி பத்து நிமிடம் கொதித்ததும் மூடியுடன் பானையை உள்ளே வைத்துவிடலாம். அரிசியின் இயல்புக்கேற்ப ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் சோறு வெந்திருக்கும்.

முதன்முறை நாம் தோற்றோம். வெந்ததா எனப் பார்க்க இருமுறை திறந்தோம், கிடைத்தது நறுக்கரிசி. 'குழந்தை உறங்குகிறதா என்று எழுப்பிப் பார்ப்பாயோ?' என்றார் நம் அன்னையார். பானை அரைகுறையாக நிறைந்திருந்தாலும் சூடு விரைவில் ஆறிவிடும்.

தேவிகுளம், மூணாறு மலைவாசிகளுக்கு ஒரு சொல். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் நீர் 95 பாகைக்கருகிலேயே கொதித்துவிடும், புறக்குளிரும் மிகுதி. ஆகவே அடுப்பில் இன்னும் ஐந்து நிமிடமும், பெட்டியில் அரைமணியும் கூட்டுக.

விளக்கைப் பற்றி அறியாதார் இலர். 60 வாட் இழை விளக்கு நாளுக்கு ஐந்து மணி எரிந்தால் மாதம் 9 யூனிட். 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு ஒன்றரை யூனிட்டும் ஆகாது.

பெட்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சோற்றை அதிலேயே இரவு முழுதும் விட்டுவைத்தல் ஆகாது. மிதச்சூட்டில் உணவு கெடும். ராஜ்மா போன்ற பெரும்பயறுகளை ஊறவைத்து, அந்நீரை வடித்து, புதுநீரில் பத்து நிமிடமேனும் தளதளவெனக் கொதிக்கவிட்ட பின்னரே பெட்டியில் இடுக.