சாக்லேட்டும் வாட்ஸ்அப்பும்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறுகிறவர்களில் தெலுங்கு பேசுகிறவர்கள் ஏராளம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய யாரோ ஒரு அம்மா, பக்கத்துக் குழந்தை கையில் கொஞ்சம் பிரசாதம் வைத்தால் நாம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆனால் 2018 மே மாதம் நடந்தது வேறு. போளூர் பக்கத்து அத்திமூர். குலதெய்வம் கும்பிடச் சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பத்தில், 65 வயது அம்மா ஒருவர் தெருப் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று ஊரே கூடி அடித்ததில் இறந்தே போனார். அதே வாரம் நம்ம திருவள்ளூர் மாவட்டப் பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். இரண்டுக்கும் பின்னால், வடநாட்டுக் கும்பல் குழந்தை கடத்துவதாக வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தி.

2023 மார்ச்சில் இதே வித்தை திரும்பி அடித்தது. பீகார்த் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் கொல்கிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்கள் பரவின. பயந்துபோன பலர் ரயிலேறிவிட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் உங்களுக்கு வரும் செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி தெரிகிறதா? பல கை மாறி வந்தது என்று அர்த்தம். எந்த ஊர், எந்தத் தேதி, யார் சொன்னது? வீட்டுப் பெரியவர்களிடம் பேரப்பிள்ளைகளே கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். குழந்தை விஷயத்தில் நிஜமாகவே சந்தேகம் வந்தால் 1098-க்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது.