நவம்பர் 7, ஜூலை 11 ஆன கதை

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை கெடாத அளவுக்குச் சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

கல்லூரியிலயோ பல்கலைக்கழகத்துலயோ மாணவர் நிர்வாகத்துக்குன்னு புதுசா ஒரு சாஃப்ட்வேர் வந்தா ஆபீஸ்ல என்ன நடக்குது, கவுன்ட்டருக்கு வெளியே நிக்கிற மாணவருக்கு என்ன நடக்குது, இதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறேன். சாஃப்ட்வேர்னதும் ஆஃப் பண்ணிடாதீங்க. இதுல கம்ப்யூட்டர் கொஞ்சம்தான். பிறந்த தேதி, பேரு, மாசம் ஆயிரம் ரூபா, இதுதான் நிறைய.

நான் கடலூர் மாவட்டத்துல ஒரு கலை அறிவியல் கல்லூரி அலுவலகத்துல 2007-லேர்ந்து பதினாறு வருஷம் வேலை பார்த்தவன். கல்லூரிப் பேரு வேண்டாம். நடந்த தப்பு என்னோடது, அதனால என்னைப் பத்தி மட்டும் சொல்றேன்.

ஒரே பீரோ, மூணு பல்கலைக்கழகம்

முதல்ல எங்க ஊர் நிலைமையைப் புரிஞ்சுக்கணும். சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-லேர்ந்து இருக்கு. ஆனா ரொம்ப காலம் அது தன் வளாகத்துக்குள்ள இருக்கிற துறைகளுக்கும், 1979-ல ஆரம்பிச்ச தொலைதூரக் கல்விக்கும்தான் பல்கலைக்கழகம். பக்கத்துல கடலூர்ல இருக்கிற கல்லூரிகளுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. நாங்க முன்னாடி சென்னைப் பல்கலைக்கழகம். 2002-ல திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்ததும் வேலூர். 2013-ல அண்ணாமலையை அரசு தன் பொறுப்புல எடுத்துக்கிச்சு. 2021-ல சட்டத்தைத் திருத்தி, கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை நாலு மாவட்டக் கல்லூரிகளையும் சிதம்பரத்தோட இணைச்சாங்க.

மாணவர்களுக்கு இது நல்லதுதான். ஒரு சான்றிதழுக்காக விருத்தாசலத்துலேர்ந்து வேலூர் போறதுக்கும் சிதம்பரம் போறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்! ஆனா ஆபீஸ்ல உக்காந்து பாருங்க. ஒரே கட்டடத்துல மூணாம் வருஷம் படிக்கிறவங்க வேலூர், முதல் வருஷம் சேர்றவங்க சிதம்பரம். அரியர் எழுத வர்ற பழைய மாணவர் வேலூர். இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி படிச்சு முடிச்சுட்டு இப்போ உண்மைத்தன்மைச் சான்று கேட்டு வர்றவர் சென்னை. பதிவெண் முறை வேற, ஃபார்ம் வேற, பாடக் குறியீடு வேற. எல்லாம் ஒரே பீரோவுல.

இந்த நேரத்துலதான் சாஃப்ட்வேர்கள் வரிசையா வர ஆரம்பிச்சுது. நாடு முழுக்கப் பாத்தா, டெல்லிப் பல்கலைக்கழகத்துல உருவாக்கின 'சமர்த்' இருக்கு. அட்மிஷன், ஃபீஸ், தேர்வு, சம்பளம் எல்லாத்துக்கும் அதுல இடம் உண்டு. 2021 ஜூலைல யுஜிசி 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' விதிகளைக் கொண்டு வந்துச்சு. ஒரு மாணவர் வாங்குற கிரெடிட் எல்லாம் பேங்க் கணக்கு மாதிரி ஒரே இடத்துல சேரும்ங்கிற ஏற்பாடு. தமிழ்நாட்டுல பள்ளிக்கு 'எமிஸ்', அதோட தொடர்ச்சியா கல்லூரிக்கு 'யுமிஸ்'. இன்னைக்கு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கணும்னா யுமிஸ் நம்பர் கேப்பாங்க. இது போக ஒவ்வொரு கல்லூரியும் தன் சொந்த வேலைக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் வாங்கி வெச்சிருக்கும். எங்க கல்லூரியும் ஒண்ணு வாங்குச்சு.

காகிதத்துக்கு நான் வக்கீல் இல்லை

ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். பழைய நோட்டுப் புத்தகமே போதும்னு சொல்ல நான் வரலை. 2011 டிசம்பர் 30 கடலூர்க்காரங்களுக்கு மறக்காது. தானே புயல். அன்னைக்கு எங்க ரெக்கார்டு ரூம் கூரையில பாதி போச்சு. மறுநாள் போய்ப் பார்த்தா அட்மிஷன் ரிஜிஸ்டர்கள் ஊறிப்போய்க் கிடக்கு. ஒவ்வொரு பக்கமா பிரிச்சு வராண்டாவுல கயிறு கட்டிக் காயப் போட்டோம். சில பக்கத்துல மை மொத்தமா கரைஞ்சு நீல நிறத் தாளா மாறிடுச்சு. அந்தப் பக்கத்துல இருந்தவங்க பின்னாடி வந்து சான்றிதழ் கேட்டப்போ நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அதனால, கம்ப்யூட்டர்ல ஏத்துறோம்னு சொன்னப்போ ஆபீஸ்ல முதல்ல சந்தோஷப்பட்டவன் நான்தான்.

ஆனா அந்த ரிஜிஸ்டர்ல ஒரு வழக்கம் இருந்துச்சு. பிறந்த தேதியை எண்ணால எழுதி, பக்கத்துலயே எழுத்தாலயும் எழுதணும். '7-11' எழுதினா 'ஏழு நவம்பர்'னு எழுதணும். டிசி-யிலயும் அப்படித்தான். இன்னொரு வழக்கம், தப்பு வந்தா அழிக்கக் கூடாது. சிவப்பு மையில ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு, மேல சரியானதை எழுதி, கண்காணிப்பாளர் சுருக்கொப்பம் போடணும். நான் சேர்ந்த புதுசுல எங்க சீனியர் அக்கா ஒருத்தங்க இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. 'தம்பி, தப்பு வராம இருக்காது. எங்க திருத்தினோம், யாரு திருத்தினோம்னு தெரியணும், அவ்வளவுதான்'னு சொல்லுவாங்க. அப்போ அது எனக்கு வெட்டி வேலையாத் தெரிஞ்சுது.

எக்செல் செஞ்ச வேலை

2022 செப்டம்பர் 5 அன்னைக்குப் புதுமைப் பெண் திட்டம் ஆரம்பிச்சுது. அரசுப் பள்ளியில ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரை படிச்ச பெண் பிள்ளைங்க உயர்கல்விக்குப் போனா, மாசம் 1000 ரூபா நேரா பேங்க் கணக்குல விழும். எங்க மாதிரி கல்லூரியில இந்த ஆயிரம் ரூபா எவ்வளவு பெரிசுன்னு கவுன்ட்டர்ல உக்காந்தவங்களுக்குத் தெரியும்.

அந்த வருஷம்தான் எங்க புது சாஃப்ட்வேரும் முழுசா நடைமுறைக்கு வந்துச்சு. முதல் வருஷ மாணவர் விவரத்தை எக்செல்ல அடிச்சு மொத்தமா அப்லோடு பண்ணணும். கிட்டத்தட்ட 280 பேர். ரெண்டு நாள் ராத்திரி எட்டு மணி வரைக்கும் உக்காந்து நானே அடிச்சேன்.

நாம தேதியை எப்படி எழுதுவோம்? முதல்ல நாள், அப்புறம் மாசம். நான் உக்காந்த கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில இருந்துச்சு, முதல்ல மாசம், அப்புறம் நாள். நான் அதைக் கவனிக்கலை. 25-3-ன்னு அடிச்சா அதுக்குப் புரியாது, இருபத்தஞ்சாவது மாசம் கிடையாதே. அதனால அப்லோடு பண்ணும்போது அந்த வரியெல்லாம் 'தவறு'ன்னு சிவப்புல வந்துச்சு. உடனே சரி பண்ணிட்டேன். ஆனா 7-11-ன்னு அடிச்சா? அது சந்தோஷமா ஜூலை பதினொண்ணுன்னு எடுத்துக்கும். சிவப்பு வராது, சத்தமும் வராது. அதாவது மாசத்துல முதல் பன்னெண்டு நாளுக்குள்ள பிறந்தவங்க பிறந்த தேதி அமைதியா மாறிடும். சிவப்பு வந்ததையெல்லாம் திருத்தினதால, மிச்சமெல்லாம் சரின்னு நானும் நம்பிட்டேன்.

மூணு மாசம் போச்சு. ஒரு பொண்ணு கவுன்ட்டருக்கு வந்துச்சு. கூடப் படிக்கிற பிள்ளைங்களுக்கெல்லாம் பணம் வருது, தனக்கு மட்டும் வரலைன்னுச்சு. பார்த்தேன். ஆதார்ல இருக்கிற பிறந்த தேதியும் எங்க சாஃப்ட்வேர்லேர்ந்து போன தேதியும் ஒத்துப் போகலை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'உன் ஆதார்ல தப்பா இருக்கும்மா, போய் மாத்திட்டு வா.'

அந்தப் பொண்ணு ஒரு நாள் லீவு போட்டு ஆதார் மையத்துக்குப் போய் நின்னுருக்கு. அங்க 'எல்லாம் சரியாத்தானே இருக்கு'ன்னு அனுப்பிட்டாங்க. மறுபடி வந்துச்சு. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் காட்டுச்சு. நான் ஸ்க்ரீனைக் காட்டி 'சிஸ்டத்துல இப்படித்தான்மா இருக்கு'ன்னேன். இப்படியே நாலு தடவை. அவங்க அம்மா பண்ருட்டி பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போறவங்க. தேர்வுக் கட்டணம் கட்டுற வாரம் அது. அஞ்சாவது தடவை வந்தப்போ அந்தப் பொண்ணு கோபப்படலை. மெதுவா ஒண்ணு கேட்டுச்சு. 'சார், நான் சேரும்போது நீங்க ஒரு பெரிய நோட்டுல எழுதுனீங்களே, அதுல என்ன இருக்குன்னு பாக்க முடியுமா?'

எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து. '7-11-2004. ஏழு நவம்பர் இரண்டாயிரத்து நான்கு.'

உடம்பு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்தப் பொண்ணுகிட்ட 'தப்பு என்னோடதும்மா'ன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் மத்தவங்க ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி ரிஜிஸ்டரையும் ஸ்க்ரீனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு 280 பேரையும் பார்த்தேன். 98 பேருக்குத் தேதி மாறியிருந்துச்சு. அதுல பாதிக்கு மேல பசங்களும், இந்த உதவித்தொகை இல்லாதவங்களும். அவங்களுக்கு இது தெரியவே வாய்ப்பில்லை. மூணு வருஷம் கழிச்சு டிசி-யில ஜூலைன்னு அச்சாகி, வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்புல போய் நிக்கும்போதுதான் தெரிஞ்சிருக்கும்.

திருத்துறதுக்கு யாரைக் கேக்கணும்?

சரி, திருத்திடலாம்னு போனா அடுத்த பிரச்சினை. ஒரு தடவை 'சப்மிட்' கொடுத்த பிறகு திருத்துற அதிகாரம் கல்லூரியில யாருக்கும் இல்லை. எனக்கும் இல்லை, கண்காணிப்பாளருக்கும் இல்லை, முதல்வருக்கும் இல்லை. சாஃப்ட்வேர் கொடுத்த கம்பெனி ஆள்கிட்ட மட்டும்தான் அந்த லாகின். அவர் பத்து கல்லூரிக்கு ஒருத்தர். போன் போட்டா 'டிக்கெட் போடுங்க சார்'ம்பார். 98 பேரையும் சரி பண்ண அஞ்சு வாரம் ஆச்சு. சிவப்பு மையும் ஒரு சுருக்கொப்பமும் இருந்த காலத்துல இது ஒரு மத்தியான வேலை.

எங்க கல்லூரி சின்னது. பெரிய இடத்துல இதே மாதிரி நடந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு மும்பையைப் பாக்கலாம். மும்பைப் பல்கலைக்கழகம் 1857-ல ஆரம்பிச்சது. 2017-ல விடைத்தாள்களை எல்லாம் ஸ்கேன் பண்ணி ஸ்க்ரீன்லயே திருத்தறதுன்னு ஒரே பருவத்துல மொத்தமா மாறினாங்க. சுமார் 17 லட்சம் விடைத்தாள். ஆசிரியர்களுக்குப் பழக நேரம் இல்லை, சிஸ்டம் திணறுச்சு, முடிவுகள் மாசக்கணக்குல தள்ளிப் போச்சு. மேல்படிப்புக்கு இடம் வாங்கினவங்க மார்க் ஷீட் இல்லாமத் தவிச்சாங்க. அந்த அக்டோபர்ல துணைவேந்தரையே பதவியிலேர்ந்து நீக்கினாங்க. 2022-ல ஸ்காட்லாந்துல எடின்பரா பல்கலைக்கழகம் சம்பளம், கணக்கு வழக்குக்குப் புது சிஸ்டம் போட்டப்போ, ஆராய்ச்சி மாணவர்கள் சிலருக்கு உதவித்தொகை தாமதமாச்சு. பணக்காரப் பல்கலைக்கழகம்தான், ஆனா அங்கயும் வாடகை கட்ட முடியாமத் தவிச்சது மாணவர்தான்.

இதையெல்லாம் சேர்த்துப் பாக்கும்போது எனக்குத் தோணுறது இதுதான். புது சிஸ்டம் வாங்கும்போது அதுல என்னென்ன வசதி இருக்குன்னு கேக்கறோம். தப்பு நடந்தா யாரு, எத்தனை நாள்ல, எப்படித் திருத்துவாங்கன்னு கேக்கறதில்லை. முன்னாடி ஒரு தப்பு ஒரு நோட்டோட நின்னுச்சு. இப்போ ஒரு இடத்துல அடிச்சது யுமிஸ், உதவித்தொகை, கிரெடிட் கணக்கு, மதிப்பெண் பட்டியல்னு எல்லா இடத்துக்கும் போயிடும். அதனால திருத்துற வழி முன்னைவிட சுலபமா இருக்கணும்.

நாங்க அப்புறம் என்ன செஞ்சோம்

பெரிய தொழில்நுட்பம் ஒண்ணும் இல்லை. அடுத்த வருஷம் அப்லோடு பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தாள் பிரிண்ட் எடுத்தோம். பேரு, இனிஷியல், பிறந்த தேதி, சாதிச் சான்று எண். தேதியில மாசம் எழுத்துல இருக்கும்: '07 நவம்பர்'. வகுப்புலயே கொடுத்து, படிச்சுப் பார்த்துக் கையெழுத்து வாங்கினோம். ஒரே மணி நேரத்துல 31 தப்பு கிடைச்சுது.

அதுல நிறைய இனிஷியல் தகராறு. நம்ம ஊர்ல குடும்பப் பேரு கிடையாது, அப்பா பேரோட முதல் எழுத்துதான். சிலர் அம்மா பேரோட எழுத்தையும் சேர்த்துப்பாங்க. ஆனா சாஃப்ட்வேர் 'லாஸ்ட் நேம்' கட்டாயம்ங்கும். ஒருத்தர் அதுல இனிஷியலை அடிப்பார், ஒருத்தர் அப்பா பேரை முழுசா அடிப்பார், ஒருத்தர் வெறும் புள்ளி வெப்பார். ஆதார்ல ஒரு மாதிரி, பேங்க்ல ஒரு மாதிரி. கலைச்செல்வின்னு ஆங்கிலத்துல எழுதும்போது பள்ளியில ஒரு 'ஹெச்' இருக்கும், பாஸ்புக்ல இருக்காது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ்ல எப்படியோ அப்படியே எல்லா இடத்துலயும்னு முடிவு பண்ணிக் கவுன்ட்டர்ல எழுதி ஒட்டினோம்.

ரெண்டாவது, திருத்தப் பதிவேடுன்னு ஒரு நோட்டு போட்டோம். யாரு வந்தாங்க, என்ன தப்பு, என்னைக்குத் திருத்தினோம். மூணாவது, கம்பெனிகிட்ட சண்டை போட்டுக் கண்காணிப்பாளருக்குத் திருத்துற அதிகாரம் வாங்கினோம். யார் எப்போ எதை மாத்தினாங்கன்னு சிஸ்டமே பதிஞ்சு வெச்சுக்கும். பழைய சிவப்பு மை வழக்கத்தைத்தான் திரும்பக் கேட்டு வாங்கினோம்.

அந்தப் பொண்ணுக்கு விட்டுப்போன மாசத்துப் பணமும் சேர்த்து வந்துச்சு. வந்து சொல்லிட்டுப் போச்சு. ஆனா தேர்வுக் கட்டணத்துக்கு அவங்க அம்மா வட்டிக்கு வாங்கினது வாங்கினதுதான். அதை எந்தப் பதிவேட்டுலயும் என்னால திருத்த முடியலை.

இதைக் கேக்கறவங்கள்ல ஆபீஸ்ல வேலை பாக்கறவங்க இருந்தா ஒரு வேண்டுகோள். 'சிஸ்டத்துல இப்படித்தான் இருக்கு'ன்னு வாயில வரும்போது, ஒரு தடவை எழுந்து போய் ரிஜிஸ்டரைப் பாருங்க. மாணவர்கள், பெத்தவங்க இருந்தா, இந்த வாரமே உங்க விவரத்தைத் திறந்து பிறந்த தேதியில மாசத்தைச் சரி பாருங்க. மாசத்துல முதல் பன்னெண்டு நாளுக்குள்ள பிறந்திருந்தா ரெண்டு தடவை பாருங்க.